மூன்று மாநில எல்லையில் வீடு தேடிய அனுபவம்: வரி எங்கே குறைவு?

அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை முடிகிறது. தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். மலேசியாவில் எங்கள் பக்கம் கிரியான் ஆற்றை ஒட்டி மூன்று மாநிலங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன: நிபோங் தெபால் பினாங்கு, பாரிட் புந்தார் பேராக், பண்டார் பாரு கெடா. காரில் சில நிமிடம் போனால் மாநிலம் மாறிவிடும். அதனால் வீடு வாங்கப் போகிறோம் என்றதும் ஆளுக்கொன்று சொன்னார்கள். "பினாங்கில் வரி அதிகம்", "கெடாவில் எல்லாமே மலிவு" என்று கேட்டுக் கேட்டு அம்மா குழம்பிப் போனார். நானே விசாரிக்கக் கிளம்பினேன்.

முதலில், எதை ஒப்பிடவே தேவையில்லை என்று சொல்லிவிடுகிறேன். வருமான வரி கூட்டரசு வரி, எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் ஒரே கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அதுவும் ஒன்றுதான். வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரியும் மாறாது: முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நான்கு லட்சத்துக்கு 2 விழுக்காடு. மின்சாரக் கட்டணம் தீபகற்பம் முழுக்க ஒன்று. மீனும் காய்கறியும் மூன்று ஊர்க்காரர்களும் ஒரே சந்தையில்தான் வாங்குகிறோம்.

மாறுவது மூன்று: நில வரியான சுக்காய் தானா, மதிப்பீட்டு வரியான சுக்காய் பிந்து, தண்ணீர்க் கட்டணம். தண்ணீர் 2024 பிப்ரவரியில் தீபகற்பம் முழுக்க கன மீட்டருக்குச் சராசரி 22 காசு ஏறியது. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறு. ஒரு குடும்பத்துக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை, விட்டுவிடலாம்.

சுக்காய் பிந்துதான் என்னை அலைய வைத்தது. ஓர் ஊராட்சி மன்றக் கவுண்டரில் (பெயர் வேண்டாம்) நம்பர் எடுத்து, காலை முழுக்கக் காத்திருந்து, "இந்தத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மாடி வீட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். கணக்கு எண் இல்லாமல் சொல்ல முடியாது என்றார் அந்த எழுத்தர். வீடு இன்னும் வாங்கவில்லை, கணக்கு எண்ணுக்கு எங்கே போவது என்றேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த நம்பரை அழைத்துவிட்டார். அரை நாள் லீவு போனது. இன்னும் எரிகிறது.

அங்கே கிடைக்காத விவரம் அதே தாமானில் ஓர் அக்கா வீட்டு வாசலில் கிடைத்தது. விசாரித்ததும் உள்ளே போய் பழைய பில்லையே கொண்டுவந்து காட்டினார். அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: ஆண்டு மதிப்பு, விழுக்காடு. ஆண்டு மதிப்பு என்பது அந்த வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு வரக்கூடிய வாடகை. உதாரணமாக மாதம் 700 வெள்ளி வாடகை என்றால் 8,400. விழுக்காடு 8 என்று வைத்தால் வருடம் 672, அரையாண்டுக்கு 336. விழுக்காட்டை அந்தந்த ஊராட்சி மன்றம் முடிவு செய்கிறது, அதனால் மாநிலப் பெயரை வைத்து மலிவு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஒன்றை மறக்காதீர்கள்: மதிப்பீடு பழையதாக இருந்தால் பில் சின்னதாகத் தெரியும். மறுமதிப்பீடு வந்ததும் ஏறும். எந்த வருட மதிப்பு என்று கேளுங்கள்.

அடுத்தது பண்டார் பாரு பக்கம் பார்த்த வீடு. விலையைக் கேட்டதும் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஏஜென்ட் கொடுத்த கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) நகலில் மேல் பகுதியை மறைத்து அவருடைய பெயர் அட்டையை ஸ்டேப்ளர் அடித்திருந்தார். அப்படியே நகல் எடுத்ததால் உரிமை எண் தெரியவில்லை. லாட் எண் (மனை எண்) மட்டும் இருந்தது. அசலைக் கேட்டால் "புக்கிங் பணம் கட்டுங்க அங்கிள், அப்புறம் தர்றேன்" என்று அப்பாவிடம் சொல்கிறார். நான் விடவில்லை. தொடர்ந்து கேட்ட பிறகு வாட்ஸ்அப்பில் முழுப் படம் வந்தது.

அந்த மாவட்டத்தின் நில அலுவலகம் பண்டார் பாரு டவுனில் இல்லை, செர்டாங்கில் இருக்கிறது. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். பினாங்கில் வேலை செய்பவர்களுக்கு இது வரம். லீவு போடாமல் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டு வந்தேன். கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் மலாய் ஒதுக்கீட்டு நிலம், அதாவது மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கியது. நம் பெயருக்கு மாற்றவே முடியாது. இது தெரிந்தேதான் அந்த ஏஜென்ட் எங்களிடம் புக்கிங் பணம் கேட்டாரா? கட்டியிருந்தால் அப்பாவின் இபிஎஃப் பணத்தில் ஒரு பகுதி போயிருக்கும். பேராக்கிலும் இப்படிப்பட்ட நிலம் உண்டு, பினாங்கில் கிடையாது. எங்கே வாங்கினாலும் சல்லிக்காசு கொடுக்கும் முன் நில அலுவலகத்தில் தேடல் செய்து, உரிமைப் பதிவைப் பார்த்துவிடுங்கள். குத்தகை நிலமா என்றும் பாருங்கள். குத்தகை என்றால் பெயர் மாற்றப் பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், அதற்குத் தனியாகக் காலம் பிடிக்கும்.

நிபோங் தெபாலில் வரி பிரச்சினை இல்லை, விலைதான் எட்டவில்லை. பத்து காவான் தொழிற்சாலைகளும் பக்கத்தில் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகமும் இருக்கும்போது விலை எப்படி இறங்கும்? கடைசியில் பாரிட் புந்தாரில் ஒரு நிரந்தர உரிமை வீடு அமைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் வரி வித்தியாசம் என் ஒரு மாத பெட்ரோல் செலவுக்குக்கூட வரவில்லை. தம்பி கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போகலாம், அதில் மிச்சமாவது இதைவிட அதிகம்.

பேங்க் லோன் சுலபமாகக் கிடைத்தது. வழக்கறிஞரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: சுக்காய் தானா மே 31க்குள், சுக்காய் பிந்து பிப்ரவரி, ஆகஸ்ட் என இரண்டு தவணை. எல்லா ரசீதும் விற்பவர் கையிலிருந்து வந்த பிறகுதான் மிச்சப் பணம். கேட்டதும் பழைய பாக்கி ஒன்று வெளியே வந்தது. அவரே கட்டிவிட்டார்.