இணையும் துணையும்

மதுரையில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலையும் மெய்ப்புத் திருத்தமும் பார்ப்பவனாக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறேன். திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், துண்டறிக்கை என்று எத்தனையோ வேலைகள் கையைக் கடந்து போயிருந்தாலும், மூன்றரை அங்குல நீளமும் இரண்டு அங்குல உயரமும் கொண்ட விசிட்டிங் கார்டுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்திருக்கிறது. அழைப்பிதழில் நேர்ந்த பிழை திருமண நாளோடு மறந்து போகும். கார்டில் நேர்ந்த பிழையோ, உரியவர் போகும் இடமெல்லாம் அவருடைய பெயருக்குக் கீழேயே நிற்கும்.

இந்தக் கவலை வந்ததற்கு நான் செய்த தவறே காரணம். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மாநில அரசுத் துறை ஒன்றில் பதவி உயர்வு பெற்றிருந்த ஓர் அம்மையார், ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலுமாக இருநூறு கார்டு கேட்டு வந்தார். ‘டெபுடி டைரக்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தமிழ்ப் பக்கத்தை எங்களையே போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் ‘இணை இயக்குநர்’ என்று போட்டேன், யாரிடமும் கேட்கவில்லை. மெய்ப்பை அவருக்குக் காட்டாமலே அச்சுக்கும் அனுப்பிவிட்டேன்.

கார்டை வாங்கிப் பார்த்தவர் கோபப்படவில்லை. “தம்பி, இது எங்க மேலதிகாரியோட பதவி. இதை நான் எப்படி ஒருத்தர்கிட்ட நீட்டுவேன்?” என்றார். பிறகு எதிரே அமர்ந்து, உதவி இயக்குநர், துணை இயக்குநர், இணை இயக்குநர், கூடுதல் இயக்குநர் என்று கீழிருந்து மேலாக ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அன்றாடப் பேச்சில் துணை என்றாலும் இணை என்றாலும் பெரிய வேறுபாடு தோன்றாது. அரசாணையிலோ அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே பல ஆண்டுப் பணியும் ஒரு பதவி உயர்வும் இருக்கின்றன. இப்படிப்பட்ட சொற்களை வரையறுத்து அரசே ஆட்சிச் சொல்லகராதி வெளியிட்டிருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். இருநூறு கார்டையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். அவர் எழுதிக் காட்டிய தாள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வெகுகாலம் இருந்தது.

அந்தத் தாளும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதைக் கல்லூரி ஆசிரியர்கள் வரத் தொடங்கியபோது கற்றுக்கொண்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று மூன்று நிலைகளையே வைத்திருந்தன. துணை என்ற படி அங்கே கிடையாது. இயக்குநருக்கு முன்னால் ‘ஜாயின்ட்’ என்பதற்கு நிற்கும் அதே ‘இணை’, பேராசிரியருக்கு முன்னால் ‘அசோசியேட்’ என்பதற்கு நிற்கிறது. முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியரின் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று அடித்தால் மருத்துவரோ என்று கேட்பார்கள். ‘முனைவர்’ என்ற அருமையான சொல் இருக்கையில் அந்தக் குழப்பம் தேவையே இல்லை. ஆகவே சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுவதை விட்டுவிட்டு, பணி ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே எழுத்துக் கோக்கிறேன்.

சில சொற்களுக்குச் சட்டமே வேலி போட்டிருக்கிறது. வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஓர் இளைஞர் தம் கார்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போடச் சொன்னபோது, 1972ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்றவர்களே அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, ‘கட்டட வரைவாளர்’ என்று அடித்துக் கொடுத்தேன். வழக்கறிஞர்களுக்கு இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் இன்னும் கடுமையானவை: பெயர்ப் பலகையிலோ எழுதுதாள்களிலோ முன்பு நீதிபதியாக இருந்ததையும், வழக்கறிஞர் சங்கத் தலைவர் என்பதையும், குறிப்பிட்ட வகை வழக்குகளில் தேர்ந்தவர் என்பதையும் குறிக்கக் கூடாது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டம்போலச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சொன்னதை அடித்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று என் உடன் வேலை செய்பவர்கள் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கார்டை நம்பி ஒருவர் வீடு கட்டப் பணம் கொடுப்பார், இன்னொருவர் வழக்கை ஒப்படைப்பார் என்பது நினைவில் இருப்பதால், என்னால் அப்படி இருக்க முடிவதில்லை.

அண்மையில் ஒரு தலைமையாசிரியர் வந்திருந்தார். பள்ளியின் பெயர் நீளம், முகவரியும் நீளம். ‘தலைமையாசிரியர் (பொறுப்பு)’ என்பது ஒரே வரியில் அடங்கவில்லை. திரையைப் பார்த்த அவர், அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துவிட்டால் இடம் சரியாகிவிடுமே என்றார். முகவரியின் எழுத்தை ஒரு புள்ளி குறைத்து, இரண்டு தொலைபேசி எண்களில் எது வேண்டாம் என்று கேட்டேன். பள்ளியின் பழைய எண்ணை எடுக்கச் சொன்னார். பதவி ஒரே வரியில் அடங்கியது. மெய்ப்பைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டு, நூறு கார்டு போதும், ஜூன் மாதம் புது ஆணை வந்ததும் மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போனார்.