அப்பிச்சியின் மெடலும் அம்மாயியின் பென்சனும்

எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்தவர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டால், "சேறு, கொசு, அப்புறம் ஜெயிச்சோம்" என்பார். அவ்வளவுதான் கதை. பேசாத மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். ரெக்ரூட்டாக நீலகிரி வெலிங்டனில் வாங்கிய திட்டுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்.

2008 ஜூன் 27-ல், அந்த 71 போரின்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அன்றைக்கு அப்பிச்சி இரும்புப் பெட்டியைத் திறந்து, அந்தப் போருக்காகக் கொடுத்த பூர்வி ஸ்டாரையும் சங்கராம் மெடலையும் எடுத்து பிராஸோ போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ரிப்பனில் பூச்சி அரித்த ஓட்டை. அதை எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தார். ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கம் நடந்தபோது ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. அந்தக் கோபம் அப்பிச்சிக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அப்பிச்சி போன பிறகுதான் எங்களுக்கு உண்மையான பட்டாளம் தெரிந்தது. குடும்ப பென்சனுக்கு எழுதப்போனால், டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாயி பெயர் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. பிறந்த தேதியும் ஒத்துவரவில்லை. பட்டாளத்தில் கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் பார்ட் டூ ஆர்டர் என்கிற பட்டாள அலுவலகப் பதிவில் ஏற வேண்டும். அதில் இருப்பதுதான் வேதம். லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிய மனுஷன், வீட்டில் கூப்பிடும் பெயரையே சொல்லியிருக்கிறார். கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட், அதற்கு நோட்டரி, அப்புறம் ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே ஒரு பெரியவர் பொறுமையாக எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் கொடுத்தார், நன்றாக இருக்கட்டும். வங்கியில்தான் அம்மாயியை, "நீங்கதான் அவர் சம்சாரமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். ஆகஸ்ட் 15 வந்தால் வாட்ஸப்பில் சல்யூட் அனுப்பும் மாமன்கள் ஒருத்தர்கூட அந்தப் படியேறவில்லை.

உங்கள் வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தால், அவர் திடமாக இருக்கும்போதே பி.பி.ஓ. என்கிற பென்சன் உத்தரவை எடுத்துப் பாருங்கள். மனைவி பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்று. தப்பிருந்தால் அவரே கையெழுத்துப் போட்டுத் திருத்துவது சுலபம். அவருக்குப் பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் அலைச்சல். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளுக்கு உண்டியலில் போடும் காசும் இந்த மாதிரிக் குடும்பங்களுக்குத்தான் போகிறது, தாராளமாகப் போடுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் காகிதத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஒருவழியாகப் பாக்கியோடு பென்சன் வந்தது. பட்டாள கேன்டீனில் சாமானும் ரம்மும் சலுகை விலையில் வாங்கும் கார்டும் அம்மாயி பெயருக்கு மாறியது. செய்தி எப்படிப் பரவியதோ, மறு வாரமே மாமன்கள் இரண்டு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்துவிட்டார்கள். ரம் கோட்டா எத்தனை பாட்டில் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்கள். அம்மாயி பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "அஃபிடவிட் கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார்.