ஊரடங்குக்குள் கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க வரை

2022 மே 9ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பிரதமர் மகிந்த ராஜபக்சவின் ஆதரவாளர்கள் அடித்துக் கூடாரங்களையும் பிடுங்கி எறிந்த செய்தி வந்தபோது, தம்பியின் சூட்கேஸ் இன்னும் கட்டி முடியவில்லை. மறுநாள் இரவு அவனுக்குக் கட்டாருக்கு பிளைட். பின்னேரம் மகிந்த பதவி விலகினார், நாடு முழுக்க ஊரடங்கு, இரவு தெற்கில் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. விசா முடியக் கிட்டவாகிவிட்டது, தள்ளிப்போட வழியில்லை.

வானுக்குப் பஞ்சமில்லை, டீசலுக்குத்தான். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர், திரும்பியும் வரவேண்டும். சிறுபோக உழவுக்கென்று வைத்திருந்த கானை மாமா தூக்கித் தந்தார். டொல்பின் வான்கார அண்ணை பழைய சாறத்துணியைப் புனலில் விரித்து, ஒரு துளி சிந்தாமல் வடித்து ஊற்றினார். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கை அது. பயணச்சீட்டும் பாஸ்போட்டும்தான் ஊரடங்கு அனுமதி என்றபடியால், தெரிந்த கொமினிகேசன் கடைக்காரரைப் பின்கதவால் கூப்பிட்டு டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்தோம்.

ஏ9இல் ஆமிக்காரர் மறித்துக் கடதாசி பார்த்தார்கள். ஓமந்தை வந்ததும் அம்மா பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. போர்க்காலத்துச் சோதனைச்சாவடியில் பொதியெல்லாம் இறக்கிக் கொட்டிக் காட்டிவிட்டு நடந்த இடம். வவுனியாவில் வீதியோரம் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கும் கொட்டகை. 2017 பெப்ரவரியிலிருந்து போராட்டத்தில் இருக்கிறார்கள். வரிசையாகத் தொங்கும் படங்களில் வெயில் பட்டு முகங்கள் வெளிறிப்போயிருந்தன. கொழும்பில் போராடத் தொடங்கி ஒரு மாதத்தில் பிரதமரே இறங்கிவிட்டார், இந்த அம்மாமாருக்கு அப்போது ஐந்து வருடமாகியும் ஒரு பதிலும் இல்லை. எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல.

றம்பாவையில் திரும்பி அநுராதபுரம், அங்கிருந்து புத்தளம். வில்பத்துக் காட்டோரம் எதிரே ஒரு லைட் இல்லை. சிலாபம் தாண்டின பிறகு ரோட்டில் எரிந்த ரயர்கள், அண்ணை அவற்றை விலத்தி விலத்தி ஓட்டினார். சூறையாடுபவர்களைச் சுட உத்தரவு என்ற செய்தியும் அன்றுதான் வந்தது, தம்பி போனை அணைத்து வைத்துவிட்டான்.

கட்டுநாயக்கவில்தான் பயந்தோம். அரசியல்வாதிகள் தப்பி ஓடாமல் இருக்க, சுதந்திர வர்த்தக வலயப் பக்கத்துப் பொடியன்கள் விமான நிலைய வீதியை மறித்து ஒவ்வொரு வாகனமாகப் பார்த்தார்கள். இரவு, சிங்கள இளைஞர் கூட்டம், உள்ளே நாங்கள் தமிழ் ஆக்கள். அம்மா தம்பியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தா. ஒருவன் போன் லைட்டை உள்ளே அடித்து முகம் முகமாகப் பார்த்தான். அண்ணை சிங்களத்தில் கட்டார், வேலை என்று இரண்டு சொல் சொன்னார். எங்கேயிருந்து என்றான். கிளிநொச்சி. அவ்வளவு தூரமா என்று கேட்டுவிட்டு, தானே முன்னால் ஓடிப்போய் மறிப்புக் கம்பை இழுத்து வழிவிட்டான். அம்மாவுக்குத் தண்ணிப் போத்தல் ஒன்றையும் நீட்டினான்.

தம்பி நேரத்துக்கு உள்ளே போய்விட்டான். அடுத்த கிழமை 18ஆம் திகதி காலிமுகத்திடலிலேயே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்து கஞ்சி கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது அந்தப் பொடியனைத்தான் நினைத்தேன். அவன் ஒருதடவை வவுனியாக் கொட்டகைக்கும் வந்து அந்த அம்மாமாரோடு இருந்து கதைக்கவேண்டும். அதை அவனிடம் நேரே கேட்க எனக்கு ஆசை.