லேப்டாப்ல கேக்காத இதய சத்தம்

பாதி ஆன்லைன், பாதி க்ளாஸ்ரூம்னு மெடிக்கல் படிக்கிறது வெளியில இருந்து பாக்க ஈஸியா தெரியும், ஆனா காலைல வார்டு, மதியம் க்ளாஸ், ராத்திரி ரூமுக்கு வந்து மறுநாளுக்கான வீடியோவையும் பாத்து முடிக்கணும்னா அந்த நேரத்த தூக்கத்துல இருந்துதான் எடுக்கிறோம். 2 மடங்கு ஸ்பீடுல ஓடவிட்டு பாத்தது எதுவும் மனசுல நிக்கல.

எனக்கு பெரிய அடி விழுந்தது இதய சத்தத்துலதான். மூணாவது சத்தம், எஸ்3, அதாவது வழக்கமான லப்-டப்புக்கு அப்புறம் சிலருக்கு வர்ற சத்தம், ரொம்ப தாழ்ந்த சுருதில இருக்கும், லேப்டாப் ஸ்பீக்கர்ல அது சரியா வராது. வீடியோல கேட்டாச்சுன்னு நம்பி வார்டுக்கு போனேன். ஒரு பெரியவர இடது பக்கம் திரும்பி படுக்க சொல்லி, 5வது விலா இடைவெளிகிட்ட ஸ்டெதஸ்கோப்போட பெல் பக்கத்த, அதாவது குட்டி கிண்ணம் மாதிரி இருக்கிற பக்கத்த வச்சா ஒண்ணுமே கேக்கல, கொஞ்சம் அழுத்தினாலே அந்த சத்தம் காணாம போயிடும்னு என் கைய பிடிச்சு லேசா வச்சுக் காட்டினது ஒரு சீனியர் அக்கா. அப்புறம்தான் கேட்டுச்சு!

ஃபார்மகாலஜி (மருந்துகள பத்தின பாடம்) மாதிரி தியரிக்கு வீடியோ நல்லதுதான், நிறுத்தி நிறுத்தி பாக்கலாம். ஆனா அதுக்கான நேரத்த டைம்டேபிள்லயே ஒதுக்கணும், வார்டு நேரத்துல மட்டும் தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.