மலையில் டிபி சிகிச்சை: பதிவேட்டில் எழுதாத காரணங்கள்

பதிவேட்டில் 'இடையில் நிறுத்தியவர்' என்று எழுதிவிட்டால் பழி முழுக்க நோயாளி மேல் விழுந்துவிடுகிறது. நீலகிரியில் வேலை பார்க்கும்போது அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

முதலில் எடை. மாத்திரைக் கணக்கே எடையை வைத்துத்தான்: 25 முதல் 34 கிலோ வரை தினம் 2, 49 வரை 3, 64 வரை 4. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில் வளர்ந்த ஆளே 35 கிலோவைத் தொடாமல் வருவதுண்டு. டிபி இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' முதல் நாளே எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். ஆக்சிஜன் 94க்குக் கீழ் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஊட்டிக் குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் ஆக்சிஜன் பார்க்கும் கருவி தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவென்றால் 'மலை உயரம்தான் காரணம்' என்று விட்டுவிடக் கூடாது.

ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்திருந்தது. டிபி நோயாளிக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை தாமதமாகாமல் கணக்கில் ஏறுகிறதா என்று பார்ப்பதும் சிகிச்சைதான்.

அடுத்தது, மாத்திரை போடும் நேரம். கொழுந்து பறிக்கப் போகிறவர் விடிகாலையில் வெறும் வரட்டீயோடு (பால் இல்லாத டீ) நாலு மாத்திரை விழுங்கினால் தோட்டத்திலேயே குமட்டும், கூலி போகும். நாலு நாளில் மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். இவருக்கு அறிவுரை வேண்டாம், நேரத்தை மாற்றிக்கொடுத்தால் போதும்: இரவு படுக்கும் முன், தேவைப்பட்டால் கொஞ்சம் சோற்றோடு. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். கண் மஞ்சளானால் மட்டும் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் வரவேண்டும். குடிப்பவர்களுக்கு ஈரல் பாதிப்பு சீக்கிரம் வரும். திட்டினால் குடியை மறைப்பார்கள், ஆபத்து கூடும்.

சர்க்கரை நோயாளிக்கு, டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். அளவை அடிக்கடி பார்த்து மருந்தைக் கூட்டவோ இன்சுலினுக்கு மாற்றவோ வேண்டியிருக்கும்.

வடமாநிலத் தொழிலாளி ஊருக்குக் கிளம்பும்போது நிக்ஷய் எண்ணும் (அரசின் டிபி பதிவு எண்) வழிக்குப் போதுமான மாத்திரையும் கையில் இருக்க வேண்டும். அங்குள்ள மையத்துக்குப் பெயரை மாற்றிவிட்டு, போய்ச் சேர்ந்தாரா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நம் வேலை.