ஸ்டாப்வாட்சை அவள் கையில் கொடுத்தேன்

"நான் ஓடல சார். நேரம் வேணா பாக்கட்டுமா?"

என் விளையாட்டு வகுப்பில் பத்து வயதுப் பெண் கேட்ட இந்தக் கேள்வியும், யோசிக்காமல் "சரி, பாரு" என்று நான் சொன்ன பதிலும் இன்னும் மண்டைக்குள்ளேயே சுற்றுகின்றன. அதற்கு முந்தின வாரம்தான், எல்லோரும் முடித்து உட்கார்ந்த பிறகு அவள் மட்டும் தனியாகக் கடைசிச் சுற்றை ஓடி வந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உற்சாகப்படுத்துவதாகத்தான் நினைத்தேன். ஐந்தாறு வயதுப் பிள்ளை என்றால் அந்தக் கைதட்டலைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும், நான்தான் வேகமாக ஓடினேன் என்றுகூட நம்பும். பத்து வயதில் அப்படி இல்லை. பக்கத்தில் ஓடுகிறவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்துவிடுகிறது, எதற்காகத் தட்டுகிறார்கள் என்பதும் புரிந்துவிடுகிறது.

அதனால்தான் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தேன். சுவரோரம் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள், நேரத்தைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை அழகாக எழுதினாள், பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று "எனக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். அது பொய்யான மாற்றம் இல்லை.

ஆனால் அதன் பிறகு அவள் ஓடவே இல்லை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; என் வகுப்பிலேயே அவள் ஒரு நிமிடமும் அசையாமல் நிற்க வழி செய்து கொடுத்தவன் நான். டெசி, ரையன் என்ற இரு உளவியலாளர்கள், ஒருவருக்குத் தானாக ஊக்கம் வர மூன்று வேண்டும் என்றார்கள்: தன் விருப்பம், தன்னால் முடியும் என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். முதலும் மூன்றாவதும் கிடைக்கச் செய்தேன். இரண்டாவது? நேரம் பார்ப்பதில் முடியும், ஓடுவதில் முடியாது என்பதை நானே உறுதி செய்துவிட்டேனோ? கட்டாயப்படுத்தியிருந்தால் வகுப்பையே வெறுத்திருப்பாள், அதுவும் உண்மைதான். ஆனால் ஓட்டத்துக்கும் உட்காருவதற்கும் நடுவில் எத்தனையோ இருந்தன, போன தடவை ஓடிய தன் நேரத்தையே முந்தச் சொல்லியிருக்கலாம், யாரும் பார்க்காத மூலையில் இருவர் இருவராக ஓடவிட்டிருக்கலாம். அன்றைக்கு எதுவுமே தோன்றவில்லை.

போன வாரம் "ரெடி" என்று நான் கையைத் தூக்கியபோது, கோட்டுக்கு வெளியே நின்ற அவளுடைய வலது குதிகாலும் தரையை விட்டு எழும்பியது. நீயும் ஓடுறியா என்ற கேள்வி வாய் வரை வந்தது. விசில் ஊதினேன். கட்டை விரல் பட்டனை அழுத்தியது, குதிகால் இறங்கிவிட்டது.