அடிக்கப்பட்ட ‘எனவே’

பத்தியில் நான்கே வாக்கியங்கள். “கைப்பேசி மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படுகிறது. மேலும், பாடங்களைத் தேடிப் படிக்க உதவுகிறது. ஆனால், நேரத்தை வீணாக்குகிறது. எனவே, கைப்பேசியை அளவோடு பயன்படுத்த வேண்டும்.” ‘ஆனால்’ இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ‘மேலும்’, ‘எனவே’ இரண்டையும் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன். தாளைப் பார்த்த மாணவி கேட்டாள்: “இதை எடுத்துட்டா, ஒண்ணோட ஒண்ணு எப்படிச் சேருதுன்னு படிக்கிறவங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“வாக்கியமே சொல்லணும்மா” என்றேன். பதில் சரி என்றுதான் இன்றும் படுகிறது. ஆனால் கேள்வி அந்தப் பதிலோடு அடங்கவில்லை.

அடித்ததற்குக் காரணம் உண்டு. ‘மேலும்’ என்று தொடங்கினால், முன்பு சொன்னதற்கு நிகரான வேறொரு செய்தி பின்னால் வர வேண்டும். பாடம் தேடுவது வேறொரு செய்தி அல்ல. முதல் வாக்கியம் சொன்ன பயனே அதுதான். அங்கே ‘குறிப்பாக’ பொருந்தும். அதைவிட, “பாடங்களைத் தேடிப் படிக்கக் கைப்பேசி பெரிதும் பயன்படுகிறது” என்று ஒன்றாக்கிவிட்டால் இணைப்புச் சொல்லே வேண்டாம்.

‘எனவே’யின் சிக்கல் இன்னும் ஆழமானது. முன்னே சொன்னவற்றிலிருந்து இந்த முடிவுதான் வரும் என்று அது உறுதி கொடுக்கிறது. பயனும் உண்டு, நேரமும் வீணாகிறது என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு “கைப்பேசியே வேண்டாம்” என்றும் முடிக்கலாம், “பாடத்துக்கு மட்டும் போதும்” என்றும் முடிக்கலாம். ‘அளவோடு’ என்ற முடிவுக்கு வர இடையில் ஒரு வாக்கியம் தேவை: நேரம் வீணாவது கைப்பேசியை எடுப்பதால் அல்ல, எப்போது கீழே வைப்பது என்று வரையறை இல்லாததால். அந்த வாக்கியம் தாளில் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தை ‘எனவே’ மூடிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இணைப்புச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு, கட்டுரையை அறியாத ஒருவரிடம் அங்கே என்ன சொல் வரும் என்று கேட்க வேண்டும். தயங்காமல் அதே சொல்லைச் சொன்னால் உறவு வாக்கியங்களிலேயே இருக்கிறது. சொல்லை வைத்தாலும் எடுத்தாலும் கெடுதல் இல்லை. அவர் திணறினாலோ, ஆளுக்கொரு சொல் சொன்னாலோ, குறை வாக்கியங்களில் இருக்கிறது. சொல்லை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

தமிழில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. இணைக்கும் வேலையில் பெரும்பகுதியை இங்கே வாக்கியத்துக்குள்ளேயே முடித்துவிடலாம்: ‘படித்து’, ‘படித்தால்’, ‘படித்தாலும்’, ‘படித்ததால்’. சொல்லோடு ஒட்டிவரும் ‘உம்’ என்ற உம்மைக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது தொல்காப்பியம். “நேரத்தையும் வீணாக்குகிறது” என்றாலே வேறு எதையோ கூடக் கெடுக்கிறது என்ற குறிப்பு வந்துவிடும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல், மனப்பாடம் செய்த பட்டியலிலிருந்து சொற்களை எடுத்து வாக்கியத்தின் தலையில் வைப்பதால் இரட்டிப்பு நேர்கிறது. “இருந்தபோதிலும், ஆனால்” என்று எழுதுகிறார்கள். ‘ஏனெனில்’ என்று தொடங்கி ‘இருப்பதால்’ என்று முடிக்கிறார்கள். காரணம் இரண்டு முறை சொல்லப்பட்டு, வாக்கியம் முற்றுப்பெறாமல் தொங்குகிறது. ‘இதனால்’ இன்னும் வழுக்கும். ‘இது’ சுட்டுவது முந்தைய வாக்கியத்தையா, பத்தி முழுவதையுமா? “இந்தக் கவனச்சிதறலால்” என்று பெயரைச் சொல்லிவிட்டால் ஐயம் தீரும்.

இப்படிப் பெயரைச் சொல்வது பத்திக்கும் பத்திக்கும் இடையில் கூடுதலாக உதவும். ஒவ்வொரு பத்தியையும் ‘மேலும்’ என்று தொடங்கும் கட்டுரையில், பத்திகளை எப்படி இடம் மாற்றினாலும் ஒன்றும் கெடாது. முன்பத்தி முடிந்த கருத்தைப் பெயராக எடுத்து அடுத்த பத்தியைத் தொடங்கினால் அவற்றைப் பிரிக்க முடியாது. அந்தாதியில் பழகிய உத்திதான்.

ஆங்கிலக் கட்டுரைக்கும் இந்தக் கண்டிப்பு உண்டு. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் (IELTS) எழுத்துத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் ஒன்று கருத்தொழுங்கும் இணைப்பும். அதன் 5ஆம் நிலை விளக்கத்தில் இணைப்புச் சொற்களின் மிகைப் பயன்பாடு குறையாகவே சொல்லப்படுகிறது. ஆக, அடித்தது நியாயம்தான்.

இருந்தும், அவள் திருத்தி எழுதிக் கொண்டுவந்த பத்தியைப் படித்தபோது நியாயம் தடுமாறியது. “பாடங்களைத் தேடிப் படிக்கக் கைப்பேசி உதவுகிறது. ஆனால், நேரத்தை வீணாக்குகிறது. அதை அளவோடு பயன்படுத்த வேண்டும்.” வழவழவென்று ஓடுகிறது. தேவையான அந்த இடைவாக்கியம் இப்போதும் இல்லை; இல்லை என்பதும் தெரியவில்லை. அவள் எங்கிருந்து எங்கே தாவினாள் என்று காட்டிய ஒரே அடையாளம் அந்தத் தவறான ‘எனவே’தான். தவறாக இருந்தாலும் அது ஒரு வாக்குமூலம்: “இதிலிருந்து இது வருகிறது என்று நினைக்கிறேன்.” அதை அழித்தால் எழுதியவர் சறுக்கிய இடம் திருத்துபவர் கண்ணுக்கே படாது. எழுதத் தெரிந்தவருக்கு இணைப்புச் சொல் மிகை. எழுதப் பழகுபவருக்கோ, நினைப்பைச் சோதித்துப் பார்க்கக் கையில் இருக்கும் கருவி அது ஒன்றுதானோ?

இப்போதெல்லாம் அடிப்பதற்குப் பதில் வட்டமிட்டு, ஓரத்தில் “எதிலிருந்து?” என்று எழுதுகிறேன். சிலர் அந்த இடைவாக்கியத்தை எழுதிக் கொண்டுவருகிறார்கள். சிலர் ‘எனவே’யை ‘ஆகவே’ ஆக்கிக் கொண்டுவருகிறார்கள். இந்தத் தாள்களை மறுபடி வட்டமிட்டுத் திருப்பித் தருவதா, சொல்லை அடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போவதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது; தேர்வு நெருங்க நெருங்க அடிப்பதே கூடிவருகிறது.